பரிம்தாவுக்கு வந்த விருந்தாளி

சயான் தன் பனிக்கால பூட்ஸை மூன்றாம் மாடி தில்முராத்துக்குக் கொடுத்துவிட்டான் என்ற செய்தி, அவனோடு நான்கு வருஷமாக ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அக்மாராலுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. அதுவும் லிஃப்டில், குல்யாஷ் அக்கா வாயால்.

குல்யாஷ் அக்கா அந்தக் கட்டடத்துச் சங்கத்தின் தலைவி. தேர்தல் எதுவும் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. அல்மாத்தி ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் எங்கே போகிறார்கள், திரும்பி வருகிற உத்தேசம் உண்டா என்று தெரிந்துகொள்ளும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. இரண்டு மாதமாக அக்மாராலைப் பார்த்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனவர், அன்று தானாகவே பேச்சை எடுத்தார்.

"என்ன அக்மாரால், உங்க சயான் தம்பிக்கு இந்த வருஷம் குளிரே அடிக்காதாமே?"

"என்னக்கா சொல்றீங்க?"

"தில்முராத் கால்ல புது பூட்ஸு. கேட்டா சயான் குடுத்தான்றான். உள்ள கம்பளி வச்சது, ஒரே ஒரு பனிக்காலம் போட்டது. அக்டோபர் மாசத்துல பூட்ஸ தானம் பண்றவன் எங்க போவான்? பனி பெய்யாத ஊருக்குத்தான போவான். சைப்ரஸாம்."

லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நின்றது. குல்யாஷ் அக்கா இறங்க வேண்டியது நாலாம் மாடி. சொன்ன செய்தி எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதற்காக ஒரு மாடி கூடுதலாக வந்திருந்தார். பார்த்தார். திருப்தியாகக் கீழே போனார்.

அக்மாராலின் வீட்டு வாசலில் வழக்கம்போல சயானின் செருப்பு கிடந்தது. உள்ளே நடையில் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் அடுக்கியிருந்ததால் அவன் வெளியிலேயே கழற்றிவிட்டுத்தான் நுழைய முடியும். அந்தக் காலணிகளைப் பற்றி அந்தக் கட்டடம் பேசியதைப் புத்தகமாகப் போடலாம். முதல் வருஷம் காதல் என்றார்கள். இரண்டாம் வருஷம் அவன் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது, வேறொரு பெண்ணோடு. அன்று முழுக்க, கட்டடத்து இரண்டு வாசல்களில் அவர்கள் பக்கமான முதல் வாசலே சோர்ந்து கிடந்தது. அப்புறம்தான் இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று செய்கிறார்கள் என்பதை வேறு வழியில்லாமல் நம்பினார்கள்.

"பூட்ஸ குடுத்துட்டியாமே," என்றாள் அக்மாரால்.

சயான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அளவு சரியில்ல."

"போன வருஷம் சரியாத்தான இருந்துச்சு. ஒரு வருஷத்துல காலு வளருமா?"

அவன் நாற்காலியைத் திருப்பினான். திருப்பியபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "சைப்ரஸ்ல, லிமசோல்ல ஒரு கம்பெனி. திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"சனிக்கிழமை பைவி வர்றாங்க, சயான்."

"அதனாலதான் திங்கக்கிழமைன்னு கெஞ்சி வாங்கியிருக்கேன். அந்தம்மா பாத்துட்டுச் சரின்னு சொன்னா நான் எங்கயும் போகல. இல்லன்னா..." கையை விரித்தான். "நாலு வருஷம். என் பொண்டாட்டி இப்பல்லாம் சண்டைகூடப் போடறதில்ல. எனக்கு அதான் பயமா இருக்கு."

பைவி ஹெல்சிங்கியில் ஒரு வெளியீட்டு நிறுவனத்தில் இருப்பவர். வருஷா வருஷம் ஊரில் நடக்கிற விளையாட்டு தயாரிப்பாளர் மாநாட்டுக்கு அந்த முறை வருகிறார். வரப்போகும் இணைய விளையாட்டுகளில் சிலதைப் பார்ப்பார். பிடித்தால் ஒன்றை எடுத்துப் போவார். அக்மாராலுக்கு வரைய வரும், கதை சொல்ல வரும். ஆனால் ஒரே சமயத்தில் நூறு பேர் வந்து போகிற அந்த விளையாட்டு மைதானத்தின் உள்வேலை முழுக்கவும் சயான் தலைக்குள்தான் இருந்தது. அவன் விமானம் ஏறினால் விளையாட்டும் ஏறிவிடும்.

விளையாட்டின் பெயர் பரிம்தா. பழைய நாளில் ஒரு கூட்டம் தங்களுக்கு அநியாயம் செய்த கூட்டத்தின் குதிரை மந்தையை ராவோடு ராவாக ஓட்டிக்கொண்டு வந்துவிடுமே, அந்தப் பழிவாங்கல்தான். மேலப்பாடி, கீழப்பாடி என்று இரண்டு கூடாரப் பாடிகள். உலகத்தில் எங்கே இருப்பவரும் போனிலோ கம்ப்யூட்டரிலோ உள்ளே நுழைந்து ஒரு பாடியில் சேரலாம். அடுத்த பாடியின் குதிரைகளை ஓட்டலாம். துரத்தலாம், அம்பு விடலாம், சுருக்குக் கயிறு வீசலாம். குதிரையை அறுத்து விருந்து வைத்தால் பாடிக்கே தெம்பு கூடும். அறுத்த குதிரை மட்டும் திரும்பவே திரும்பாது. அந்த விஷயத்தில் சயான் நீதிபதி மாதிரி.

இதில் கட்டடத்துக்காரர்கள் எப்படி நுழைந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வசந்த காலத்தில் குல்யாஷ் அக்கா, ராத்திரியில் உங்கள் வீட்டில் குதிரை கனைக்கிறது என்று புகார் சொல்ல ஏறி வந்தார். வாயை அடைக்க அக்மாரால் அவர் போனில் பரிம்தாவை ஏற்றிக் கொடுத்தாள். அந்த வாரமே அது கட்டடத்துக் குழுவில் சுற்ற ஆரம்பித்தது. முதல் வாசல்காரர்கள் மேலப்பாடியில் சேர்ந்தார்கள். இரண்டாம் வாசல்காரர்கள், பாப்ளர் மரத்தடியில் யார் காரை நிறுத்துவது என்ற தகராறு காரணமாக, கீழப்பாடியில் சேர்ந்தார்கள். இனி ரத்த ஆறுதான் என்று சயான் கையைத் தேய்த்துக்கொண்டான்.

ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவர்கள் கூடாரத்துக்குக் கூடாரம் போய் உட்கார்ந்து பேசினார்கள். குதிரைகளுக்குப் பெயர் வைத்தார்கள். குல்யாஷ் அக்கா ஒரு சாம்பல் நிறக் குட்டியைத் தர்லான் என்று கூப்பிட்டு, கோடை முழுக்கப் புல் நல்ல இடமாகப் பார்த்து மேய்த்தார். மந்தைகள் கொழுத்துப் பெருகி மைதானமே நகர மாட்டேன் என்றது.

"இவங்க விளையாடல. குடித்தனம் நடத்தறாங்க," என்று தலையில் அடித்துக்கொண்டான் சயான். ஆகஸ்டில் ஒரு நாள் எல்லாரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தினான். குழுவில் ஒரே வரி போட்டான்: சோதனை முடிந்தது, நன்றி.

அந்த நன்றி குல்யாஷ் அக்காவுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: என் தர்லான் பத்திரமாக இருக்குமா. சயான் ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினான். அதிலிருந்துதான் லிஃப்டில் சுவரைப் பார்ப்பது.

சனிக்கிழமை மாநாட்டு மண்டபம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மாப்பிள்ளை யார் என்பதுதான் தெரியவில்லை. எல்லார் கழுத்திலும் அட்டை. எதிரில் வருகிறவரின் முகத்தைப் பார்க்கும் முன் நெஞ்சைப் பார்த்தார்கள், எந்தக் கம்பெனி என்று. அக்மாராலும் ஒரு சுற்று போய் அண்டை அயல் பார்த்துவிட்டு வந்தாள். தாஷ்கண்ட்காரர்கள் ஒரு இரவுச் சந்தை செய்திருந்தார்கள். உள்ளே வருகிற அத்தனை பேரும் வியாபாரிகள். காலையில் வந்த இரண்டு பேர் ஒரே முலாம்பழத்துக்கு இன்னமும் பேரம் பேசிக்கொண்டிருக்க, பின்னால் வரிசை நீண்டு போயிருந்தது. எதிர்ப்பக்கம் பிஷ்கேக்கிலிருந்து வந்த பெர்மெத், கழுகும் முயலுமாக ஆடுகிற ஒன்றை வைத்திருந்தாள். வந்தவர் எல்லாருக்கும் கழுகுதான் வேண்டும். ஆகவே விடிந்ததிலிருந்து பெர்மெத்தே முயலாக ஓடிக்கொண்டிருந்தாள்.

மண்டபத்துக் கோடியில் ஒரு பெரிய கம்பெனியின் அரங்கு. வழக்கமான துப்பாக்கிச் சண்டைதான். ஆனால் ஆடிப் பார்க்கிறவர்களுக்குத் தொப்பி வைத்த மேல்சட்டை இலவசம் என்று அறிவித்திருந்தார்கள்.

அந்த மேல்சட்டைதான் கழுத்தை அறுத்தது. பைவி பார்க்கும்போது மைதானம் கலகலப்பாக இருக்க வேண்டும் என்று அக்மாரால் பல்கலைக்கழக விளையாட்டு மன்றத்து மாணவர்களைப் பேசி வைத்திருந்தாள். மூன்று மணிக்கு அவரவர் போனிலிருந்து நுழைந்து இரண்டு பாடியாகப் பிரிந்து அடித்துக்கொள்வதாக ஏற்பாடு. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் சயான் எட்டிப் பார்த்தபோது, அத்தனை பேரும் கோடி அரங்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே மேல்சட்டையில் இருந்தார்கள்.

"வாங்கடா," என்று போய்க் கூப்பிட்டான்.

"ஒரு மணி நேரம் அண்ணா," என்றான் ஒருவன், இடத்தை விடாமல். "மீடியம் சைஸு தீந்துடும்."

போதாததற்கு மண்டபத்து வைஃபை படுத்துவிட்டது. சயான் மேசைக்கடியில் குந்தி ஒயர்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த பெர்மெத், தன் மேசைக்கு இழுத்திருந்த நெட் ஒயரைப் பிடுங்கி நடைபாதை வழியாக நீட்டினாள்.

"உனக்கு?" என்றாள் அக்மாரால்.

"நான் முயல்தான. முயலுக்கு எதுக்கு இவ்ளோ நெட்டு. சொருகு."

அக்மாரால் அந்த ஒயரை வாங்கிச் சொருகினாள். ஆனால் இணைப்பு வந்து என்ன? திரையில் பரிம்தாவின் புல்வெளி அடிவானம் வரைக்கும் விரிந்து கிடந்தது. காற்று வீசியது. ஒரு ஈ காக்கை இல்லை. நூறு பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டில் தனியாக நிற்பதைவிட வெறும் சுவரைப் பார்க்கலாம். நடைபாதையின் அந்தப் பக்கம் வெளுத்த தலைமுடியும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையுமாகப் பைவி மெதுவாக வந்துகொண்டிருந்தார், இன்னும் இரண்டு அரங்கு தள்ளி.

அக்மாரால் போனை எடுத்தாள். மானம் மரியாதை எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு அழைத்தாள்.

"அக்கா, நான் அக்மாரால்."

"பேரு தெரியுது. சொல்லு."

"ஒரு உதவி வேணும்க்கா. பரிம்தா..."

"சோதனை முடிஞ்சிடுச்சே. நன்றின்னு வேற போட்டிருந்தீங்க."

"அக்கா, ஃபின்லாந்துலேந்து ஒரு விருந்தாளி வந்திருக்காங்க. முதல் தடவையா உள்ள வரப்போறாங்க. உள்ள ஒரு ஆள் இல்லக்கா."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம். "ஒரு ஆள் இல்லாத எடத்துக்கா விருந்தாளிய கூப்ட்டு வச்சிருக்க?"

"ஆமாக்கா."

"அறிவிருக்கா உனக்கு? கதவத் தொறக்கச் சொல்லு அந்தக் கட்டைவிரல்காரன. வை போன."

சயான் திறந்தான். அப்புறம் நடந்ததை அவன் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தான். முதலில் குல்யாஷ். அடுத்து தில்முராத், சவாரிக்கு நடுவில் டாக்ஸியை ஓரங்கட்டிவிட்டு. அப்புறம் நாலாம் மாடி, ஏழாம் மாடி, அடித்தளத்துத் தையற்கடை. இரண்டாம் வாசலிலிருந்து மருந்துக்கடை ஸாபிரா, அவள் பின்னாலேயே அவள் வாசல் மொத்தமும். சிலர் கொழுந்தன், மச்சினி, வேறு தெருவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் என்று இழுத்துக்கொண்டு வந்தார்கள். புல்வெளியில் குளம்புப் புழுதி கிளம்பிற்று.

"வந்துட்டாங்க," என்றான் சயான். குரல் அவனுடையது மாதிரி இல்லை. பிறகு திடீரென்று நிமிர்ந்தான். "சண்டை போடச் சொன்னியா?"

"என்ன?"

"அந்தம்மாவ அடிக்கணும், துரத்தணும், குதிரைய ஓட்டணும்னு சொன்னியா?"

"விருந்தாளி வர்றாங்கன்னு சொன்னேன்."

சயான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "விருந்தாளின்னா சொன்ன?"

மறுபடி கூப்பிட நேரமில்லை. பைவி வந்து கைகுலுக்கினார், உட்கார்ந்தார், தட்டிலிருந்த பவுர்சாக் பலகாரத்தை ஒரு பார்வை பார்த்தார், எடுக்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு முகம்தான் இருந்தது போலும். எதற்காகவும் அதை மாற்றுவதாக இல்லை. காதில் ஹெட்ஃபோனை மாட்டினார். தனக்கும் கேட்கட்டும் என்று சயான் சின்ன ஸ்பீக்கரையும் போட்டுவிட்டான், தண்டனையை முழுசாக அனுபவிக்கிறவன் மாதிரி.

திரையில் பைவி ஒரு மேட்டின்மேல் குதிரையோடு நின்றார். அடிவானத்தில் கறுப்பாக ஒரு கோடு. கோடு தடித்தது. குதிரைப்படை நேராக அவரை நோக்கிப் பாய்ந்து வந்தது. இது புரிகிறது என்கிற தோரணையில் பைவி முதுகை நிமிர்த்தி, வில்லை எடுத்து, முதலில் வந்தவன்மேல் ஒரு அம்பு விட்டார். தோளில் பாய்ந்தது.

"யாரு, தில்முராத்தா? பட்டுடுச்சா?" என்றது ஸ்பீக்கரில் குல்யாஷ் அக்காவின் குரல்.

"பட்டுச்சு, பட்டுச்சு. பரவால்ல. புது எடம்ல, பயந்திருப்பாங்க."

படை நின்றது. எல்லாரும் குதிரையை விட்டு இறங்கினார்கள். அம்பு தைத்த தோளோடு தில்முராத் முன்னால் வந்து பைவியின் குதிரைக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான், மரியாதையாக.

"வாம்மா, வா," என்றார் குல்யாஷ் அக்கா. "வழியெல்லாம் சௌக்கியமா? யாரு வீட்டுப் பொண்ணு? புள்ளைங்க எத்தன? அக்மாரால், சொல்லு அவங்களுக்கு."

அக்மாரால் வியர்த்துக்கொண்டே மொழிபெயர்த்துச் சொன்னாள். பைவி திரையைப் பார்த்தபடி, "ரெண்டு பசங்க," என்றார். சற்றுக் கழித்து, "சண்டை எப்போ ஆரம்பிக்கும்?" என்றார்.

அதையும் அக்மாரால் சொன்னாள்.

"சாப்பிடாமயா?" என்றார் குல்யாஷ் அக்கா, நிஜமாகவே அதிர்ந்துபோய். "புதுசா குடி வந்தவங்களுக்கு மொத சாப்பாடு அக்கம்பக்கந்தான போடணும். அடுப்பு மூட்டறதுக்கு முன்னாடியே சண்டைன்னா நாம என்ன காட்டு மனுசங்களா?"

சயான் பக்கத்துத் திரையில் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதம் கதவு சாத்திக் கிடந்ததில் கட்டடத்துக்காரர்களின் மந்தைகள் எல்லாம் கலைந்து போயிருந்தன. குல்யாஷ் அக்காவின் பெயருக்கு எதிரே ஒரே ஒரு குதிரை மிச்சம். அந்த வரி அவன் பார்க்கப் பார்க்கவே சிவப்பாயிற்று.

"தர்லான அறுத்துட்டாங்க," என்றான் மெதுவாக.

அக்மாரால் திரும்பிப் பார்த்தாள்.

"கோடை பூரா மேச்சாங்களே, அத."

பைவியைக் கூடாரத்தில் வாசலுக்கு நேர் எதிரே, உயர்ந்த இடத்தில் உட்கார்த்தி வைத்து, முன்னால் மரியாதைக்குத் தலைக்கறியை வைத்தார்கள். மண்டபத்தில் போகிறவர் வருகிறவர் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். பெர்மெத் தன் முயலை விட்டுவிட்டு வந்தாள். இந்த நேரத்தில்தான் ஸ்பீக்கரில் இன்னொரு குரல் நுழைந்தது.

"அதென்ன முதல் வாசலுக்கு மட்டும் விருந்தாளி? எங்களுக்கு அடுப்பு இல்லையா?"

"ஸாபிரா, வரிசையில வா. நாளைக்கு உங்க வீட்டுக்கு அனுப்பறோம்."

"நாளைக்கு அவங்க ஃபின்லாந்துல இருப்பாங்க. நீ வெந்தும் வேகாம இறைச்சி போட்டு அனுப்புவ, எங்க ஊரு பேரு கெடும். வாம்மா நம்ம பாடிக்கு."

"கைய வை பாப்போம்."

ஸாபிரா கையை வைக்கவில்லை, கயிற்றை வீசினாள். கூடாரத்துக்கு வெளியே நின்ற பைவியின் குதிரைக் கழுத்தில் சுருக்கு விழுந்தது. விருந்தாளி குதிரைமேல் ஏறவும் கீழப்பாடி மொத்தமும் அவரைச் சுற்றி அரண் கட்டி ஓட்டிக்கொண்டு கிளம்பிற்று. அதற்கப்புறம் புல்வெளியில் நடந்தது, பாப்ளர் மரத்தடியில் பல வருஷமாக நடக்காமல் தேங்கிக் கிடந்தது எல்லாம். மேலப்பாடி துரத்தியது. ஏழாம் மாடி ஆற்றங்கரையில் பதுங்கி நின்று மறித்தது. தையற்கடைக்காரர் கீழப்பாடிக்குள் புகுந்து, அவர்கள் துரத்தக் கூடாதென்று மாற்றுக் குதிரைகளை அவிழ்த்து விரட்டினார். தில்முராத் தோளில் அம்போடு விருந்தாளியை மீட்டுக்கொண்டு வர, ஸாபிரா மறுபடி பறிக்க, "காரையும் இப்படித்தான நிறுத்துற, குறுக்க" என்று யாரோ கத்த, மண்டபத்தில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துபோனார்கள். சயான் நான்கு வருஷமாக எழுதின அத்தனை தந்திரமும் ஒன்று விடாமல் உபயோகத்துக்கு வந்தது. இதைத்தான் செய்யுங்கள் என்று அவன் எத்தனை தடவை கெஞ்சியிருப்பான்.

மூன்றாவது தடவை பறிபோனபோது பைவி சிரித்தார். சத்தம் வராத, தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு. ஒதுக்கியிருந்த அரை மணி நேரம் எப்போதோ தீர்ந்து, அடுத்த அரங்குக்காரர் வந்து தலையைச் சொறிந்துவிட்டுப் போயிருந்தார்.

ஒருவழியாகக் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, பைவி ஒரு பவுர்சாக்கை எடுத்துத் தின்றார். இன்னொன்றும் தின்றார்.

"இந்த வேலைக்கு வந்து ரொம்ப வருஷமாச்சு," என்றார். "புதுசா ஒரு விளையாட்டுக்குள்ள போனா முதல்ல என்ன நடக்கும் தெரியுமா? யாராவது என்னைக் கொல்லுவாங்க. நான் யாருன்னுகூடக் கேக்க மாட்டாங்க. பாதிப் பேர் அதோட போய்டுவாங்க, திரும்ப வர மாட்டாங்க. இன்னைக்கு என்னை யாரும் தொடல. எனக்குச் சோறு போடறது யாருன்னு அவங்களுக்குள்ள அடிச்சிக்கிட்டாங்க. இத உங்கள்ல யார் யோசிச்சது?"

நான்தான் என்று சொல்ல நல்ல சந்தர்ப்பம். அக்மாராலின் வாய் பாதி திறந்துவிட்டது என்பதும் உண்மை.

"நாங்க இல்ல," என்றான் சயான். "அவங்க எங்க கட்டடத்துக்காரங்க. இப்படி விளையாடறாங்கன்னு நான்தான் அவங்கள வெளிய தள்ளினேன்."

பைவி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். "திரும்ப உள்ள விடுங்க," என்றார். "இந்தப் பனிக்காலம் ஹெல்சிங்கியில நூறு பேர வச்சி ஓட்டிப் பாக்கலாம். அதுக்கு நான் பொறுப்பு. அப்புறம் என்னன்னு வசந்தத்துல பேசுவோம். ஆனா விருந்து முதல்ல வரணும். சண்டை அதுக்கப்புறம்."

"அப்ப நான் எழுதின சண்டையெல்லாம்?"

"அது இல்லன்னா உங்க பக்கத்து வீட்டுக்காரங்க எத வச்சி அடிச்சிக்கிட்டிருப்பாங்க?"

போகும்போது தட்டிலிருந்த மிச்சப் பவுர்சாக்கைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். முகம் பழையபடிதான் இருந்தது. பெர்மெத்தின் ஒயரைச் சுருட்டிக் கொடுத்த அக்மாரால், அந்தி வரைக்கும் அவளுக்கு முயலாக ஓடினாள். கழுகு ஒரு தடவைகூட அவளை விடவில்லை. அவள் பொருட்படுத்தவும் இல்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஒரு தேன் கேக் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் நேராக நாலாம் மாடிக்குப் போனார்கள். கதவைத் திறந்த குல்யாஷ் அக்கா கேக்கைப் பார்த்தார், சயானைப் பார்த்தார்.

"அக்கா," என்று ஆரம்பித்தான்.

"நன்றி கின்றின்னு ஏதாவது சொன்ன, கதவ சாத்திடுவேன். செருப்ப உள்ள கழட்டு. என் வீட்டு நடையில எடம் இருக்கு."

உள்ளே தில்முராத்தும் ஸாபிராவும் ஏற்கெனவே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாசலும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த காட்சி அக்மாராலைக் கொஞ்சம் கலங்கடித்தது. பைவி சொன்னதை அவள் ஒன்று விடாமல் சொன்னாள். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை கேட்டார்கள். "சோறு போடறது யாருன்னு" என்கிற வரியை மூன்று தடவை. அந்த அம்மா குறி நல்லாத்தான் வைக்குது என்றான் தில்முராத், தோளைத் தடவிக்கொண்டு.

சயான் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "அக்கா, தர்லான நான் திருப்பிக் குடுத்துடறேன். ஒரு வரி மாத்தினா போதும்."

ஸாபிரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"விருந்தாளிக்கு அறுத்தத திருப்பி வாங்குற வீடுன்னு நெனச்சியா இத?" என்றார் குல்யாஷ் அக்கா. கோபமாக இல்லை. அவன் கிண்ணத்தை வாங்கி, பால் விட்டு, பாதியே ஊற்றிக் கொடுத்தார். மறுபடி கேட்டு வாங்க வேண்டும், சீக்கிரம் எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காக. "நல்லாத்தான் இருந்துச்சு அது. கூப்ட்டா வரும். போகட்டும். நல்ல எடத்துக்குத்தான் போச்சு." பிறகு, டிக்கெட் கவுண்டர் குரலில்: "நீ போறியா, இருக்கியா?"

"திங்கக்கிழமை சொல்லணும்க்கா."

"அது அவங்களுக்கு. எனக்கு?"

கிண்ணத்தை நீட்டினான். அவர் மறுபடி பாதி ஊற்றினார்.

அக்மாரால் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் வாழ்க்கையில் இத்தனை பேருக்குக் கடன்பட்டது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் போனாலும் அந்தப் புழுதி கிளம்பியதைப் பார்த்தாயிற்று. அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போதவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் கண் விழித்ததே போன் சத்தத்தில்தான். குல்யாஷ் அக்கா கட்டடத்துக் குழுவில் பேசி அனுப்பியிருந்தார்.

"என் கூடாரத்து வாசல்ல ஒரு சாம்பக் குட்டி நிக்குது. பொறந்து ஒரு நாள்கூட இருக்காது. தர்லான் இல்ல, இதுக்கு நெத்தியில வெள்ள இருக்கு. அக்டோபர் மாசத்துல எந்தக் குதிரையாவது குட்டி போடுமா? இதுகூடத் தெரியாதவன் குதிரை விளையாட்டு எழுத வந்துட்டான். குளுருல அது என்ன பாடு படும்." குரல் ஒரு இடத்தில் கம்மியது. இருமல் என்று பிற்பாடு சாதித்தார்.

அக்மாரால் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தாள். அதற்குள் குழுவில் அடுத்ததாக ஒரு படம் வந்துவிட்டது. ஐந்தாம் மாடி வாசல், அவள் வாசல். குல்யாஷ் அக்கா அவளுக்கு முன்னாலேயே ஏறி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

சயானின் செருப்பு வழக்கமான இடத்தில் கோணலாகக் கிடந்தது. அவன் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்து வந்து எப்போதோ வேலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். தட்டச்சு சத்தம் கேட்டது. செருப்புக்குப் பக்கத்தில், துடைத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து, ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்த கம்பளி பூட்ஸ்.

படத்துக்குக் கீழே ஸாபிரா கேட்டிருந்தாள்: என்ன தில்முராத், குடுத்தத திருப்பிட்டியா.

சவாரியில் இருந்திருப்பான். பிறகு தில்முராத்தின் பதில் வந்தது:

"அளவு சரியில்ல."